ஒரே எழுத்து, இரண்டு பிறப்பு: 'காஷ்', 'கறி' சொற்களின் கதை

பிள்ளைகளே, ஆங்கிலம் வாசிக்கும்போது உங்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கும். பீ, ஏ, ஆர், கே என்று நாலு எழுத்து. நாய் குரைப்பதும் அதுதான், மரத்தின் பட்டையும் அதுதான். பீ, ஏ, என், கே என்று எழுதினால் பணம் போடுகிற வங்கியும் அதுதான், ஆற்றங்கரையும் அதுதான். ரீ, ஈ, ஏ, ஆர் என்பது ஒருமுறை கண்ணீர். சத்தத்தை மாற்றி வாசித்தால் கிழித்தல். "ஏன் அம்மா இப்பிடி?" என்று கேட்காத பிள்ளை ரொறொன்ரோவில் இருக்க மாட்டாது.

காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. ஆங்கிலம் பல வீட்டுச் சாமான்கள் வந்து சேர்ந்த வீடு. இங்கிலாந்தில் குடியேறிய சக்சன் மக்களின் பேச்சோடு, 9ஆம் நூற்றாண்டு தொடக்கம் வந்து குடியேறிய வடநாட்டுக் கடலோடிகளின் பேச்சும் கலந்தது. 1066இல் நோர்மன்காரர் நாட்டைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக நுழைந்தன. நாய் குரைப்பது பழைய ஆங்கிலச் சொல். மரப்பட்டை கடலோடிகள் கொண்டுவந்தது. ஆற்றங்கரையும் அவர்கள் வழி வந்ததுதான். வங்கியோ இத்தாலியில் காசு மாற்றுகிறவர் முன்னால் போட்டிருந்த மேசையின் பெயர். வில்லியம் காக்ஸ்ரன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சியந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. அப்போது வேறு வேறு ஊரில் பிறந்த சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டன.

பெரிய அகராதியை விரித்துப் பாருங்கோ. அப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் 1, 2 என்று சின்ன இலக்கம் போட்டிருப்பார்கள். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த இரண்டாம் இலக்கங்களுக்குள்ளே எங்கட வீட்டுச் சொற்களும் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் 'காஷ்'. எங்கள் விழா மேடைகளில் "ஆங்கிலக் 'காஷ்' எங்கட 'காசு'விலிருந்து வந்தது" என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மைதான். கடையில் கொடுக்கிற பணத்தைக் குறிக்கும் 'காஷ்', பிரெஞ்சு அல்லது இத்தாலி மொழியில் 'பெட்டி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மூலம் லத்தீன். பணம் வைத்த பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. அதில் எங்களுக்குப் பங்கில்லை.

எங்களுடையது மற்றக் 'காஷ்'. 1498இல் இந்தியக் கரைக்கும் 1505இல் இலங்கைக்கும் வந்த போர்த்துக்கீசர், எங்கட 'காசு'வைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கைஷா' என்றனர். அவர்கள் மொழியில் 'கைஷா' என்றால் பெட்டி! ஆக, குழப்பம் போர்த்துக்கீச மொழியிலேயே தொடங்கிவிட்டது. அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் அதைக் 'காஷ்' என்று எழுதி, சிறு செப்பு நாணயத்துக்குப் பெயராக்கினர். நடுவில் சதுர ஓட்டையுள்ள சீன நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயரானது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1818வரை இந்தக் கணக்கு இருந்தது. 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், சென்னைக்கென்று இங்கிலாந்தில் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களோடு, இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் தாண்டுபோனது. 1980களில் சுழியோடிகள் அந்தக் காசுகளை அள்ளியெடுத்தார்கள்.

அடுத்தது 'கறி'. ஆங்கிலத்தில் இதற்கும் இரண்டு பிறப்பு. ஒன்று குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சுத்தமாக்குவது. தோலைப் பதனிடுவதும் அதுதான். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஒருவரைக் காக்கா பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் தொடரில் வருவதும் இந்தக் குதிரைக் கறிதான், எங்கட சட்டிக் கறி இல்லை. 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதையொன்றில் ஃபோவேல் என்ற வஞ்சகக் குதிரையை எல்லாரும் தடவிக்கொடுப்பார்கள். அதன் பெயர்தான் பிறகு மருவிப்போனது.

மற்றக் கறி நாங்கள் சோற்றோடு தின்பது. இதுவும் போர்த்துக்கீசர் வழியாகவே போனது. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லைப் போர்த்துக்கீசர் சொல்லாகவே குறிப்பிட்டார். 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் புத்தகத்தில் கறி வைக்கும் முறை அச்சாகிவிட்டது.

தமிழிலும் இந்த விளையாட்டு உண்டு. யாழ்ப்பாணத்தில் 'கறி' என்றால் கத்தரிக்காயும் கறிதான், மீனும் கறிதான். தமிழ்நாட்டில் பலருக்குக் 'கறி' என்றால் இறைச்சி. சங்க காலத்தில் 'கறி' மிளகையும் குறித்தது. முசிறித் துறைக்குப் பொன் கொண்டுவந்த யவனர் மிளகு ஏற்றிப் போனதைச் சொல்லும் அகநானூற்று 149ஆம் பாட்டில் வருவது இந்தக் கறிதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கட பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க வெட்கப்பட்டால், 'கறி' எங்கட சொல், 1747இலேயே இங்கிலாந்துச் சமையல் புத்தகத்தில் ஏறிய சொல் என்று சொல்லிக் குடுங்கோ. ஆனால் எங்களுடையது அல்லாததையும் எங்களுடையது என்று சொல்ல வேண்டாம். இந்தப் பிள்ளைகள் அகராதி பார்க்கத் தெரிந்த பிள்ளைகள். நாங்கள் சொன்ன ஒன்று பிழை என்று கண்டால், மிச்சம் ஒன்பதையும் நம்பாதுகள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று ஆங்கிலம் உண்மையாகவே எங்களிடம் வாங்கியவை போதுமானளவு இருக்கின்றன. நாங்களும் கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் என்று போர்த்துக்கீசரிடம் வாங்கியிருக்கிறோம். வாங்கியதையும் கொடுத்ததையும் நேர்மையாக எழுதி வைப்பதுதான் சரித்திரம்.

பிள்ளைகளே, இந்த வருடம் புதிய ஆங்கிலச் சொல் ஒன்றைக் காணும்போது அந்தச் சின்ன இலக்கத்தைத் தேடுங்கோ. எந்த ஊரிலிருந்து வந்தது என்று வாசித்து, வீட்டில் அம்மம்மா, அப்பப்பாவிடமும் சொல்லுங்கோ. எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.