பஞ்சமி நிலம்: எந்தக் கட்டில் தேடுவது?

பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற எந்த மேடையிலும் இது தவறாமல் வந்துவிடும்: செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார், 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010, 1010ஏ எண் வருவாய்த்துறை ஆணை வந்தது, பன்னிரண்டு லட்சம் ஏக்கர் கிடைத்தது. கைத்தட்டல். இந்தக் கைத்தட்டலோடு எனக்குப் பிணக்கு ஒன்றும் கிடையாது. 1994 அக்டோபர் 10இல், காரணை நிலத்துக்காகப் போராடியவர்கள்மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போன பிறகு, இதை வெறும் ஆராய்ச்சி விஷயமாகப் பேசவும் முடியாது. ஆனா நாளைக்கு வட்டாட்சியர் முன்னால போய் நிக்கிறவன் கையில் என்ன காகிதம் இருக்கும்?

எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் 'பஞ்சமி நிலம்' என்ற தலைப்பில் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். அது நம்முடைய சொல். அரசின் அட்டவணைக்கு வேறு மொழி. 1890களின் கட்டுகளில் 'பறையர்' என்றிருக்கும். பிறகு 'பஞ்சமர்', 'டிப்ரஸ்டு கிளாஸ்'. 1922க்குப் பின் 'ஆதிதிராவிடர்'. 1935 சட்டத்தை ஒட்டி 'ஷெட்யூல்டு'. பெயர் மாறும்போது கட்டும் மாறுகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் துறை. 1920களிலிருந்து நில ஒப்படைப் பொறுப்பில் பெரும்பகுதி லேபர் கமிஷனரிடம் போய்விட்டது. தொழிலாளர் துறை என்றதும் மில், யூனியன், ஸ்டிரைக் என்று நினைத்து அந்த வரிசையைத் தாண்டிப் போய்விடுகிறோம். சேரிக்காரனை 'உழைப்பு' என்ற தலைப்பில் வகைப்படுத்திய காலனியச் சொல்லாடல், சாதியைத் தொழிலாளர் பிரச்சினைக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. அந்த ஆண்டறிக்கைகள்தான் நமக்கு வேண்டியவை.

அறிக்கையை மூலத்தில் படிக்கணும். மேடைச் சுருக்கத்தில் காணாமல் போவது மிராசு. ஊரின் தரிசை யார் கேட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரி மனையே அவன் பிடியில். படியாள் தர்க்காஸ்து மனு போட்டால் குடிசை போகும், கடன் கழுத்தை நெரிக்கும். இந்தக் கண்ணிகளைத் திரமென்ஹீர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அவருக்கு முன்பே ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அங்கே இதைக் கிளப்பியிருந்தார்கள். ரெவின்யூ போர்டு அவர் சொன்னதில் பலவற்றை மறுத்தது. அரசும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே கருணை மிகுந்த வெள்ளைக்காரன் நிலம் கொடுத்தான் என்கிற கதையை அந்த ஆணையே தாங்காது. மிராசு அமைப்பைக் கலைக்க அரசுக்குத் துணிச்சல் வரவில்லை, அவ்வளவுதான். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த முரணை விரிவாகப் பேசுகிறது. ஆவணக்காப்பகம் போக முடியாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். மதராஸ் வருவாய் நடவடிக்கைகளின் படி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கிறது. நம்ம ஊர் கட்டு கரையான் பிடித்துப்போனாலும் தடயம் அங்கே மிஞ்சும்.

பன்னிரண்டு லட்சம் என்பதையும் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. ஒரே ஆணை ஒரே நாளில் பிரித்துக் கொடுத்த கணக்கில்லை அது. ஒப்படை பல பத்தாண்டுகளாக, ஊர் ஊராக, தனித்தனி நிபந்தனைகளோடு நடந்தது. ரெவின்யூ போர்டு நிலையாணை 15ஐப் பாருங்கள். குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது, பிறகும் வேற்றுச் சாதியாருக்கு விற்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு எந்த ஒப்படையில் எழுதப்பட்டது என்பதுதான் வழக்கில் நிற்கும். மொத்த எண்ணைச் சொன்னால் அதிகாரி சிரிப்பார். சர்வே எண்ணைச் சொன்னால் கோப்பைத் திறந்தாகணும்.

அந்த எண் ஊர்க் கணக்கில் இருக்கிறது. பழைய செட்டில்மென்ட் 'ஏ' பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் 'டி.சி.' என்றோ நிபந்தனை என்றோ எழுதியிருக்கும். 1980களில் யு.டி.ஆர். திட்டத்தில் புதுப் பதிவேடு எழுதியபோது பல ஊர்களில் அந்தக் குறிப்பு ஏறவில்லை. அதனால் நகல் கேட்கும்போது இரண்டு பதிவேட்டையும் சேர்த்தே கேளுங்கள். குறிப்புக் கட்டத்தை விட்டுவிட்டு நகல் தந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.