மண்ணெண்ணெய் கடத்தல்

மண்ணெண்ணெய் கடத்தல் என்பது பொது விநியோகத் திட்டத்தின் கீழ் மானிய விலையில் வழங்கப்படும் மண்ணெண்ணெயைக் கலப்படத்துக்காகவோ, மாநில அல்லது நாட்டு எல்லைக்கு அப்பால் விற்பதற்காகவோ சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டு செல்வதாகும். மதுரை வட்டாரப் பேச்சு வழக்கில் மண்ணெண்ணெய் சீமெண்ணெய் எனப்படும். இந்தியாவில் எரிபொருள் கடத்தல் என்றால் பல பத்தாண்டுகளுக்கு அது பெரும்பாலும் மண்ணெண்ணெய்க் கடத்தலையே குறித்தது.

விலை வேறுபாடு

இக்கடத்தலின் வேர் விலையில் உள்ளது. 2002 முதல் 2010 வரை தில்லியில் நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய் லிட்டர் 9 ரூபாய் அளவிலேயே வைக்கப்பட்டிருந்தது. 2010 சூனில் அது 3 ரூபாய் உயர்த்தப்பட்டபோது டீசல் விலை 40 ரூபாயை எட்டியிருந்தது. 12,000 லிட்டர் கொள்ளும் ஒரு டேங்கர் லாரி மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்றால் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆதாயம் கிடைக்கும் என்பது எளிய கணக்கு. இத்தகைய இலாபம் தனியாள் திருட்டாக நிற்பதில்லை. மொத்த விற்பனையாளர், லாரி உரிமையாளர், கிடங்கு நடத்துவோர், எரிபொருள் நிலையத்தார் எனச் சங்கிலியாகவே இது இயங்கியது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுமத்தின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு, பொது விநியோக மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 38 விழுக்காடு வெளிச்சந்தைக்குச் செல்வதாக மதிப்பிட்டது. போலிக் குடும்ப அட்டைகளும், வாங்காதவர் பெயரில் எழுதப்பட்ட விற்பனைப் பதிவுகளும் இதற்குத் துணை நின்றன. இழந்தவர்கள், விளக்குக்கும் அடுப்புக்கும் வேறு வழியின்றி வரிசையில் நின்ற அட்டைதாரர்களே.

கலப்படம்

மண்ணெண்ணெயின் கொதிநிலை ஏறத்தாழ 150 முதல் 300 பாகை செல்சியசு வரை பரவியுள்ளது. டீசலின் கொதிநிலை வீச்சும் இதனுடன் பெரிதும் ஒன்றுவதால், சிறிதளவு மண்ணெண்ணெய் கலந்த டீசலை அடர்த்தி அளவீட்டால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். பெட்ரோலில் கலந்தால் ஆக்டேன் எண் குறைந்து இயந்திரத்தில் தட்டொலி எழும், புகையும் கூடும். எரிபொருள் நிலையங்களில் செய்யப்படும் வடிதாள் சோதனை பெட்ரோலுக்கு மட்டுமே ஓரளவு பயன்படும்.

தமிழக - கேரள எல்லை

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கொல்லம் நெடுஞ்சாலை (தே.நெ. 744, முன்னர் 208) பிரிகிறது. இராசபாளையம், செங்கோட்டை, புளியரை வழியாக இது கேரளத்துக்குள் நுழைகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, வாளையாறு, களியக்காவிளை ஆகியவை பிற முக்கிய எல்லை வழிகள். நியாயவிலை அரிசிக் கடத்தலுக்குப் பெயர் பெற்ற இவ்வழிகளில் மண்ணெண்ணெயும் சென்றது. குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேன்களில் நிரப்பிய மண்ணெண்ணெயுடன் சொகுசுக் கார்கள் பிடிபடுவது நாளிதழ்களில் வழக்கமான செய்தியாகும்.

கேரளத்தில் இதற்குத் தனித்த தேவை உண்டு. அங்குள்ள நாட்டுப்படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பல, பெட்ரோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுபவை. மீனவருக்கு அரசு தரும் அளவு கடலுக்குச் செல்லும் நாட்களுக்குப் போதாதபோது கள்ளச்சந்தை அந்த இடத்தை நிரப்பியது. ஆகவே இதை வாங்குவோர் எல்லாரையும் கடத்தல்காரர் என்று கொள்வது பொருந்தாது.

பாக்கு நீரிணை

1990 சூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் இலங்கை அரசு வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதித்தது. எரிபொருளும் அதில் அடங்கும். யாழ்ப்பாணத்தில் வாகனங்கள் சில துளி பெட்ரோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. வீடுகளில் வெற்றுச் ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கே இரவு வெளிச்சமானது. இதே காலத்தில் இராமேசுவரம், கோடியக்கரை முதலிய கரைகளிலிருந்து பெட்ரோலும் டீசலும் படகுகளில் கடத்தப்பட்டன. விடுதலைப் புலிகளின் கடல் நடவடிக்கைகளுக்கு எரிபொருள் இன்றியமையாததாக இருந்தது. இந்தியக் கடற்படை 1990 இல் தாசா என்ற பெயரில் சுற்றுக்காவலைத் தொடங்கியது. 1992 மே மாதம் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 1994 இல் தமிழகக் காவல்துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஏற்படுத்தப்பட்டது. இலங்கையில் 2002 போர்நிறுத்தத்தை ஒட்டிப் பொருளாதாரத் தடை பெருமளவு நீக்கப்பட்டபின், கடத்தலைத் தூண்டிய தட்டுப்பாடு தணிந்தது.

நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளுக்கும் இந்திய மானிய மண்ணெண்ணெய் கடத்தப்பட்டது.

தடுப்பு முயற்சிகள்

தமிழகத்தில் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை இக்குற்றங்களை விசாரிக்கிறது. 1955 ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்படி சரக்கையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தொடர்ந்து குற்றம் புரிவோரை 1980 ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆறு மாதம் வரை காவலில் வைக்கலாம்.

அடையாளம் காண்பதற்காக நியாயவிலை மண்ணெண்ணெயில் நீலச் சாயம் சேர்க்கப்பட்டது. களிமண்ணும் கரியும் சாயத்தை உறிஞ்சிவிடும் என்பதைக் கடத்துவோர் விரைவில் அறிந்துகொண்டனர். 2006 அக்டோபரில் கண்ணுக்குத் தெரியாத வேதிக் குறியீட்டுப் பொருள் ஒன்று நாடு முழுவதும் அறிமுகப்படுத்தப்பட்டது. அதையும் நீக்கிவிட முடியும் எனத் தெரியவந்ததால் ஓரிரு ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. வேதியியலால் இதைத் தீர்க்க முயன்றது வீண் செலவு என்றே சொல்ல வேண்டும்.

கொல்லப்பட்ட அதிகாரிகள்

இந்தியன் ஆயில் நிறுவன விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். இலக்னோ இந்திய மேலாண்மைக் கழகத்தில் பயின்றவர். உத்தரப் பிரதேசத்தின் இலக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற நிலையத்தின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. முதன்மைக் குற்றவாளிக்கு 2007 இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அதை 2015 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மகாராட்டிரத்தின் மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யசுவந்த் சோனவாணே, 2011 சனவரி 25 அன்று மன்மாடு அருகே டேங்கர் லாரிகளிலிருந்து எரிபொருள் திருடப்படுவதைத் தடுக்க முயன்றபோது உயிருடன் எரிக்கப்பட்டார். மறுநாள் குடியரசு நாள். அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மாநிலமெங்கும் சோதனைகள் நடந்தன.

மானியக் குறைப்பும் பின்னரும்

2016 சூலை முதல் மண்ணெண்ணெய் விலை மாதந்தோறும் 25 காசு என உயர்த்தப்பட்டது; பின்னர் இவ்வுயர்வு இரு வாரங்களுக்கு ஒருமுறை ஆனது. 2020 மார்ச்சில் நடுவண் அரசின் விலை மானியம் இல்லாமல் போனது. சமையல் எரிவாயு இணைப்புகளும் மின்வசதியும் பெருகியதால் மாநிலங்களுக்கான ஒதுக்கீடும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. தமிழகத்தில் 2017 இல் வந்த மின்னணுக் குடும்ப அட்டைகள் போலிப் பதிவுகளைக் கடினமாக்கின. காவல் சோதனைகளால் குறையாத கடத்தல், விலை இடைவெளி சுருங்கியபோது குறைந்தது. எரிவாயு உருளையை மறுமுறை நிரப்பப் பணமில்லாத குடும்பங்களுக்கோ, மலிவாகக் கிடைத்த எரிபொருளும் இல்லாமல் போயிற்று.

மீனவருக்காகத் தமிழக அரசு தனியாக மானிய விலையில் மண்ணெண்ணெய் வழங்கியதால், தென்கோடி எல்லையில் விலை இடைவெளி முற்றிலும் மறையவில்லை. மானியம் நீங்கிய பின்னரும் களியக்காவிளைப் பகுதியில் சோதனைகள் தொடர்ந்தன.