விழாவில் வைத்து விற்றுக்கொள்ளுங்கள்

கூட்டம் நடக்குற இடத்துல துணியை விரிச்சுப் புத்தகம் விக்கிறது எழுதுறவனுக்குக் கட்டுப்படியாகுமா? இந்தக் கேள்வி நமக்குப் புதுசு அல்ல. அம்பேத்கரே இதில் சிக்கியவர்தான்.

1936-இல் லாகூர் மாநாடு ரத்தானதும் தன் உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். விலை எட்டணா. 1500 பிரதிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதிய காந்தி, விலையை இரண்டணாவாக, இல்லாவிட்டால் நாலணாவாகவாவது குறைக்கலாம் என்றார். சொந்தச் செலவில் அச்சிட்டதுன்னு தெரிஞ்சேதான் இதைச் சொன்னார்.

இருபது வருஷம் கழித்து, 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை முடித்தபோது உடல் தளர்ந்துவிட்டது. அச்சுச் செலவு சுமார் 20,000 ரூபாய். 1956 செப்டம்பர் 14 அன்று நேருவுக்கு எழுதினார்: நூலகங்களுக்கும் அறிஞர்களுக்கும் கொடுக்க அரசு 500 பிரதிகள் வாங்குமா? புத்தரின் 2500-ஆம் ஆண்டு விழாவுக்கு அரசு தாராளமாகச் செலவழித்த வருஷம் அது. மறுநாளே பதில் வந்தது. நூல்களுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துபோச்சு. விழா சமயத்தில் தில்லியில் விற்பனைக்கு வையுங்கள், வெளிநாட்டார் வருவார்கள், நன்றாக விற்கும். சட்டம் எழுதிக் கொடுத்தவருக்குச் சொன்ன யோசனை, போய்க் கடை போடு என்பது!

ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 14, நாகபுரியில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினார்கள். டிசம்பர் 6-இல் அவர் இறந்தார். புத்தகம் 1957-இல்தான் வந்தது. தன் அச்சுப்பிரதியை அவர் பார்க்கவில்லை.

இன்றைக்கு விஜயதசமிக்கு நாகபுரியிலும், டிசம்பர் 6-க்கு தாதரிலும் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். கைப்பிள்ளையோடு வந்தவர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், கட்டுச்சோற்று மூட்டையோடு புத்தகமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அரசு ஐநூறு வாங்காத புத்தகத்தை இந்த ஜனங்கள் வாங்கி வாங்கித்தான் நிலைநிறுத்தினார்கள்.

ஆனால் எழுதுறவன் கணக்கு வேற. கடைக்காரனுக்குக் கழிவு போகாது, காசு கையில் வரும், சரி. பஸ் கட்டணம், சுமைகூலி, ஒரு நாள் சம்பளம் கழித்தால் மிச்சம் டீச்செலவுக்குத்தான். சின்னப் புத்தகமா, பத்து இருபது ரூபாய்க்குள் போட்டவன் தப்பிக்கிறான். முந்நூறு பக்க நாவலைச் சுமந்து போனவன் சுமந்துகொண்டே திரும்புகிறான்.

எனக்கு உறுத்துவது காசு அல்ல. லாகூர் உரை சாதி இந்துக்களுக்காக எழுதப்பட்டது. மைதானத்தில் அதை வாங்குவது நம்ம ஜனம். நமக்கு நாமே விற்பதற்கு நமது திடல்கள் போதும். அவங்க வாங்கிப் படிக்கணும்னா அவங்க போற கடையில, அவங்க பிள்ளைங்க படிக்கிற கல்லூரி நூலகத்துல புத்தகம் இருக்கணும். அதற்குத்தான் அவர் 500 பிரதி கேட்டார்.