மூல ஒலிநாடாவை எறிய வேண்டாம்
பழைய இசைப்பதிவுகள் இன்று 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் போன்ற உயர்தரத்தில் மீள வெளிவருகின்றன. சாதாரண இறுவட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். ஆனால் இதற்கு மூல ஒலிநாடா கையில் இருக்க வேண்டும். 2008 இல் ஹொலிவூட் யூனிவர்சல் வளாகத் தீயில் எரிந்த நாடாக்களிலிருந்து இனி எதையும் எடுக்க முடியாது.

மாங்கேணி போன்ற கரையோர ஊர்களில் ஆழிப்பேரலைக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய நாடாவில் கூத்துப் பாட்டு இருக்கலாம், இழந்தவரின் குரலும் இருக்கலாம். ஈரப்பதத்தால் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை ஓடவிட வேண்டாம். நாடாவும் கருவியும் பழுதாகும். பிரதியை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணிவருகிறது. பிரதி எடுத்த பின்னரும் மூல நாடாவைப் பத்திரப்படுத்துங்கள்.