அணைக்குப் பின் ஆறு: காவிரித் துறைகளில் நீர்க் காப்பின் வரலாறு

காவிரிக் கரையில் வாழ்ந்தவர்கள் ஆற்றோடு ஆபத்தின்றிப் பழகுவதற்கு வைத்திருந்த அறிவு துறைதோறும் வாய்வழியாகவும் பழக்கவழியாகவும் கைமாறி வந்தது. ஆறு தன் பருவ ஒழுங்கில் ஓடிய காலம்வரை அது பெரும்பாலும் போதுமானதாகவும் இருந்தது. 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்ததும், பிற்காலத்தில் ஆற்றுப்படுகையில் மணல் அள்ளுவது பெருகியதும் அந்த அறிவு நின்றிருந்த தரையையே மாற்றிவிட்டன. இன்று காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீரில் மூழ்கி நேரும் சாவுகளுக்கு இளைஞர்களின் துடுக்கையும் கவனக்குறைவையும் மட்டுமே காரணமாகச் சொல்லிவிடுவோர் இந்த மாற்றத்தைக் காணத் தவறுகின்றனர்.

ஆற்றின் ஆபத்தைத் தமிழ்ச் சமூகம் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. கழார் என்னும் துறையில் நடந்த புதுப்புனல் விழாவில் ஆட்டனத்தி என்பவனைக் காவிரி இழுத்துச் சென்றதையும், அவன் மனைவி ஆதிமந்தி கரை நெடுகத் தேடி அலைந்ததையும் அகநானூற்றில் பரணர் பாடல்கள் பதிவு செய்கின்றன. சிலப்பதிகாரம் அவளைக் கரிகாலனின் மகளாகக் கூறுகிறது. ஆடலில் வல்லவனான ஒருவனே வெள்ளத்துக்குத் தப்பவில்லை என்பது இக்கதையில் கவனிக்க வேண்டிய செய்தியாகும். அதே அகநானூற்றில், உறையூரை ஒட்டிய காவிரியில் நீராடுவோர் புணையைத் தழுவிக்கொண்டு விளையாடும் காட்சியும் வருகிறது. புணை என்பது வேழம் எனப்படும் நாணல் வகைத் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை; நீராட்டு என்பது கைப்பிடிக்க ஏதேனும் ஒன்றுடன் செய்ய வேண்டியது என்ற புரிதல் அக்காலத்திலேயே வழக்கமாகிவிட்டதை அது காட்டுகிறது. அண்மைக் காலம்வரை சிற்றூர்ச் சிறுவர்கள் இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி எண்ணெய்த் தகரமோ கட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவர் கரையில் நிற்க, கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகியது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி என்றே கொள்ளத்தக்கது. ஆனால் இப்பயிற்சி எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைக்கவில்லை. பெண் குழந்தைகள் பல இடங்களில் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். தண்ணீர் எடுக்கவும் துணி துவைக்கவும் நாள்தோறும் துறைக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதை நினைக்கும்போது, பழைய முறையை முழுமையாகப் போற்றிவிட முடியாது என்பது தெளிவாகும்.

அணைக்கு முந்தைய காவிரியில் வெள்ளம் தன் வருகையை முன்னரே அறிவித்தது. குடகிலும் மைசூர்ப் பகுதியிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தபின் நீர் செந்நிறமாகும். நுரையும் சருகும் மிதந்து வரும். பல நாள்களில் மட்டம் படிப்படியாக உயரும். ஆடி மாதம் பதினெட்டாம் நாளில் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கு, இந்த ஏற்றத்தை நாள்காட்டியில் பொறித்துவைத்த விழா. எந்தத் துறையில் எத்தனையாம் படிவரை இறங்கலாம், மடு எனப்படும் ஆழ்பள்ளம் எங்கே தொடங்குகிறது, சுழி எந்தப் பாறையை ஒட்டி விழுகிறது என்பவற்றை ஓடக்காரர்களும் மீனவர்களும் வண்ணார்களும் அறிந்திருந்தனர். ஒருவர் தத்தளித்தால் முதலில் குதித்தவர்களும் அவர்களே. இவ்வாறு உயிர் காத்தவர்களின் பெயர்கள் படித்துறை கட்டிய புரவலர்களின் பெயர்களைப்போல் கல்லில் வெட்டப்படவில்லை. குறிப்பிட்ட மடு ஆண்டுக்கொரு பலி கேட்கும் என்ற நம்பிக்கையும் உடனிருந்தது. அது மக்களை அவ்விடத்திலிருந்து விலக்கி வைத்து ஒரு வகையில் காத்ததென்றாலும், சாவை விதியின் கணக்கில் எழுதித் தடுக்கும் முயற்சியைத் தளரச் செய்தது என்பதும் உண்மை.

1924ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளம் மரபறிவின் எல்லையைக் காட்டியது. காவிரி வடிநிலம் கண்ட மிகப் பெரிய வெள்ளங்களுள் ஒன்றான அது கரையோர ஊர்களைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. அடுத்த ஆண்டு மேட்டூரில் பணி தொடங்கியது. 120 அடி நீர்மட்டத்தில் 93.47 டி.எம்.சி., அதாவது அத்தனை ஆயிரம் மில்லியன் கன அடி நீரைத் தேக்கும் அந்த அணை, பாசனத்துக்குச் செய்த நன்மை மறுக்கவியலாதது. ஆனால் அது முடிந்த பிறகு கீழ்க்காவிரியின் நீர்வரத்து வானத்தைவிட மதகையே பெரிதும் சார்ந்ததாயிற்று. பாசனத்துக்கு அணை திறக்கும் மரபான நாளாகிய ஜூன் 12இல் விடப்படும் நீர், உள்ளூரில் ஒரு துளி மழையும் இல்லாதபோதே சில நாள்களில் கல்லணையை அடைகிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் ஆடிப்பெருக்குக்காகவே அணையைத் திறக்க நேர்ந்ததும் உண்டு. அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போதோ, தெளிந்த வானத்தின் கீழ், குளித்துக்கொண்டிருப்பவர் எதிர்பாராத வேளையில் மட்டம் உயர்கிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் மின்னாக்கத்துக்காகக் கட்டப்பட்ட கதவணைகள், மதகுகளை ஏற்றி இறக்குவதன்மூலம் இந்த மாற்றத்தை இன்னும் அடிக்கடி நிகழச் செய்கின்றன.

கதவணைக்கும் தடுப்பணைக்கும் நேர் கீழே நீர் விழும் இடம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. மேலிருந்து விழும் நீர் அடியில் பாய்ந்து, மேற்பரப்பில் திரும்பி அணையை நோக்கியே சுருள்வதால், அதில் சிக்கியவரை நீர் மீண்டும் மீண்டும் அணைச் சுவரிடமே இழுத்து வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அதிலிருந்து வெளியேறுவது மிகக் கடினம். பார்வைக்கு அருவிபோல் அழகாகத் தோன்றுவதால் மக்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் இத்தகைய இடங்களையே. ஆற்றைப் பற்றிய மரபறிவில் இந்த ஆபத்துக்கு இடமே இல்லை. ஏனெனில் இக்கட்டுமானங்களுட் பெரும்பாலானவை அந்த அறிவு உருவாகி நெடுங்காலம் கழித்து எழுந்தவை.

மணற்குழிகள் இதனினும் கொடியவை. கோடையில் வறண்ட படுகையில் பொறி கொண்டு தோண்டப்பட்ட பள்ளங்கள், தண்ணீர் வந்ததும் சமதளம்போல் மூடிக்கொள்கின்றன. முழங்கால் ஆழத்தில் நடந்து செல்பவர் அடுத்த அடியில் தலைக்குமேல் ஆழத்தில் விழுகிறார். தளர்ந்த மணற்சரிவில் கால் ஊன்ற முடிவதில்லை. 2003இல் தமிழக அரசு மணல் குவாரிகளைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கியது. ஆயினும் அனுமதித்த ஆழத்துக்கு மேல் அள்ளப்படுவது குறித்த வழக்குகளும் போராட்டங்களும் ஓயவில்லை. மடு ஓரிடத்தில் நிலைத்திருந்ததால் தலைமுறைகள் அதை நினைவில் வைத்தன. ஒவ்வொரு கோடையிலும் இடம் மாறும் குழியை எந்த முதியவராலும் பேரனுக்குக் காட்டிக்கொடுக்க இயலாது.

வெள்ளத்தை அறிவிக்கும் முறைக்கும் தனி வரலாறு உண்டு. ஊர்தோறும் பறையறைந்து செய்தி சொல்லும் தண்டோரா நெடுங்காலம் அப்பணியைச் செய்தது. அச்சுமை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீதே சுமத்தப்பட்டிருந்தது. 2022இல் தமிழகத் தலைமைச் செயலாளர் தண்டோராவைக் கைவிட்டு வாகன ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது நேரிய முடிவு. இன்று ஒலிபெருக்கியோடு கைப்பேசிக் குறுஞ்செய்தியும் செய்தித் தொலைக்காட்சியும் சேர்ந்துள்ளன. மீட்பு அறிவும் முற்றிலும் அழிந்துவிடவில்லை: 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை, மூன்று பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து வீசிக் கரையேற்றினர்; அரசின் கல்பனா சாவ்லா விருது அவர்களுக்கு வழங்கப்பட்டது. மூழ்குபவரைக் காக்கக் குதித்தவரும் உடன் மூழ்கும் இரட்டைச் சாவுகளைத் தவிர்க்க, கயிறோ துணியோ கழியோ நீட்டுவதே முதற்செயலாக இருக்கவேண்டும் என்று மீட்புப் பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதை அப்பெண்கள் தாமாகவே செய்தார்கள்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது; இந்திய நலவாழ்வு அமைச்சகம் 2023 டிசம்பரில் இதற்கென ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 பேர் நீரில் மூழ்கி இறக்கும் நாட்டில் இவை மிகவும் காலம் தாழ்ந்து வந்தவை. காவிரிக் கரையில் அவை பயன் தர வேண்டுமானால், எச்சரிக்கையின் மொழியிலிருந்தே வேலை தொடங்க வேண்டும். ‘விநாடிக்கு 50,000 கன அடி திறப்பு’ என்ற அறிவிப்பு பொறியாளருக்குப் பொருள் தருவது. ஆடைகளைக் கரையில் வைத்துவிட்டு இறங்கும் ஒருவருக்கோ தன் துறையில் அந்த நீர் எந்தப் படியைத் தொடும், எத்தனை மணிக்குத் தொடும் என்பதே தேவை. திருச்சி அம்மா மண்டபம், திருவையாற்றுப் புஷ்ய மண்டபம், மயிலாடுதுறைத் துலாக்கட்டம் போன்ற துறைகளில் படிகள் ஏற்கெனவே எண்ணத்தக்க அளவுகோலாக நிற்கின்றன. ஒவ்வொரு படிக்கும் உரிய நீரளவைக் கணக்கிட்டு வண்ணம் தீட்டி, அணைத் திறப்பு அறிவிப்பிலேயே துறைவாரியாகப் படியின் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வது நீர்வளத் துறையிடம் இருக்கும் அளவீடுகளைக் கொண்டே தொடங்கக்கூடிய பணியாகும்.