பாலும் பாத்திரமும்: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மாற்றுப்பால் தொடங்குவது குறித்து

தாய்ப்பால் குடித்துவரும் குழந்தைக்குப் பவுடர் பால் தொடங்கலாமா என்று கேட்டால், மகப்பேறு விடுதிகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘கூடாது’ என்ற ஒரு சொல்தான். வீட்டில், கொடுப்பது என்று முடிவான அன்றே டின்னும் புட்டியும் ஒரே பையில் வந்து இறங்குகின்றன. தடுப்பவர்கள், வாங்குபவர்கள் ஆகிய இரு தரப்பினரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் வாதம். எந்தப் பால், எந்தப் பாத்திரம், மார்பில் விடும் வேளைகளில் எத்தனையைக் குறைப்பது என்பவை மூன்று தனி முடிவுகள். இவற்றை ஒன்றாகக் கட்டிவிடுவதால், வேலைக்குத் திரும்பும் தாய்க்கு இருக்கும் இடைவழிகள் கண்ணில் படாமல் போகின்றன.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், விளைவில் பெரியது அதுதான். மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பவே சுரப்பு அமைகிறது. பால் தேங்கினால், தேங்கிய மார்பிலேயே சுரப்பு மட்டுப்படும். பிறந்த சில வாரங்களில் மாலை வேளையில் குழந்தை விடாமல் அழுது, அடிக்கடி மார்பைத் தேடுவது இயல்பு. ‘பால் பத்தலை போலிருக்கு’ என்று வீட்டுப் பெரியவர் யாரேனும் சொல்வது அந்த நேரத்தில்தான். பவுடர் பால் கரைத்துக் கொடுத்ததும் குழந்தை நெடுநேரம் தூங்குகிறது. ஒரு வேளை மார்புப்பால் விடுபடுகிறது. சில நாள் இப்படியே போனால் சுரப்பு உண்மையிலேயே குறைந்து, பெரியவரின் ஊகம் பின்னோக்கி மெய்யாகிவிடுகிறது. பால் போதுகிறதா என்பதற்கு அழுகையைவிட நம்பத்தக்க அளவுகோல்கள் இருக்கின்றன: சுரப்பு நிலைபெற்ற பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பது, எடை சீராக ஏறுவது. டின் வாங்குவதற்கு முன் எடைபார்க்கும் வீடுகள் குறைவு.

அப்படியானால் ஒரு துளி பவுடர் பாலும் தாய்ப்பாலைக் கெடுக்குமா? இங்கே சான்றுகள் ஒரே திசையில் பேசவில்லை. 2013-இல் கலிஃபோர்னியாவில் வலேரி ஃபிளாஹர்மன் குழுவினர் நடத்திய சோதனையில், பிறந்தவுடன் ஐந்து விழுக்காடோ அதற்கு மேலோ எடை இழந்த 40 குழந்தைகள் இடம்பெற்றன. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு முறை மார்பில் விட்ட பிறகும் 10 மில்லிலிட்டர் பவுடர் பால் ஊசிக்குழலால் புகட்டப்பட்டது. தாய்க்குப் பால் இறங்கியதும் நிறுத்தப்பட்டது. மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் இந்தப் பிரிவில் 79 விழுக்காடு, மற்றதில் 42. இதைக் கொண்டாடியவர்கள் சற்று அவசரப்பட்டார்கள். அதே குழு பின்னர் 164 குழந்தைகளிடம் செய்த சோதனையில் முதல் மாதத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஓராண்டு நிறைவில் தாய்ப்பாலைத் தொடர்ந்தவர்கள், கூடுதல் பால் பெற்ற பிரிவில் குறைவாகவே இருந்தனர். ஆகவே பவுடர் பாலுக்கு இதை நற்சான்றாகக் காட்ட முடியாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது முறைதான்: முதலில் மார்பு, பிறகு அளந்த சிறு அளவு, நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரிந்தது, புட்டி இல்லை. நம் வீடுகளில் நடப்பதற்கும் இதற்கும் பெயரளவில்தான் ஒற்றுமை.

பாத்திரத்துக்கு வருவோம். ரப்பர் காம்பைச் சப்பிய குழந்தை மார்பை மறந்துவிடும் என்ற அச்சம் நெடுநாளையது. குழந்தை நேய மருத்துவமனைகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த பத்துப் படிகளில், செயற்கைக் காம்புகளே கூடாது என்பது ஒன்பதாவது படியாக இருந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டு, அவற்றின் பயன்பாடு, தீங்கு பற்றித் தாய்க்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்று தளர்ந்தது. தளர்வு நியாயமானதே. புட்டி தீங்கற்றது என்று அதற்குப் பொருளில்லை. 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிறு பருவத்தில் புட்டியில் குடித்த குழந்தைகள், அதில் இருந்தது பீய்ச்சிய தாய்ப்பாலாகவே இருந்தாலும், பின்னாளில் கொடுத்ததை மிச்சமின்றிக் குடித்துமுடிக்கும் போக்குடையவை என்று கண்டது. போதும் என்று தானே நிறுத்தும் பழக்கத்தைப் பாத்திரம் மாற்றுகிறது. உள்ளே இருக்கும் பாலுக்கு அதில் பங்கில்லை.

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு மாற்று முன்பே உண்டு: பாலாடை, அல்லது சங்கு. காம்பு இல்லை, வளைவு இடுக்கு இல்லை, கொதிநீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. டெல்லியில் 1999-இல் வெளியான ஒப்பாய்வில் பச்சிளங்குழந்தைகள் புட்டி, கிண்ணம் இரண்டையும்விடப் பாலாடையில் நன்றாகக் குடித்தன. லண்டனில் 2007-இல் குறைமாதக் குழந்தைகளிடம் பார்த்தபோது, பாலாடையில் பால் அதிகம் சிந்தியது. முரண்பாட்டைப் புகட்டிய கைகளின் பழக்கத்தில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். மல்லாத்திப் படுக்கவைத்து வாயில் ஊற்றும் கை பாலாடையையும் ஆபத்தாக்கும்; நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, குழந்தை விழுங்கக் காத்திருக்கும் கை புட்டியின் தீமையைக்கூடக் குறைக்கும்.

பாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; தாய்ப்பாலின் மேன்மையை யாரும் மறுக்கவில்லை. சொல்லப்படாத ஒன்று உண்டு. பவுடர் பால் நுண்ணுயிர் நீக்கப்பட்ட பொருளன்று. அதில் குரோனோபாக்டர், சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பதால், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, பிறகு ஆறவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வகுத்தது. நம் வீடுகளில் வெந்நீரை முதலில் ஆறவைத்துவிட்டுத்தான் பவுடரைக் கொட்டுகிறார்கள். டின் மாதக்கடைசி வரை வர வேண்டுமே என்று கரண்டியைக் குறைத்துக் கரைப்பது இன்னொரு ஆபத்து. வயிறு நிறையும், உடம்பு தேறாது. ‘கூடாது’ என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட தாய்க்கு இவற்றை யார் சொல்வார்கள்? பீய்ச்சிய தாய்ப்பாலுக்கும் கணக்கு உண்டு. 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணிநேரம் வைக்கலாம் என்பார்கள். சென்னையின் மே மாதத்தில் அந்த அறையை எங்கே தேடுவது? குளிர்பதனப்பெட்டி இல்லாத வீட்டில் இந்த நான்கு மணிநேரத்தை நம்பக் கூடாது.

சட்டமும் பாலையும் பாத்திரத்தையும் பிணைத்தே பார்க்கிறது. 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள் சட்டம், பவுடர் பாலையும் புட்டியையும் விளம்பரப்படுத்தத் தடை விதித்து, டின்னில் குழந்தைப் படம் போடுவதையும் விலக்கியது. வணிகத்தை அடக்கிய அளவில் அது நல்ல சட்டம். ஆனால் மாற்றுப்பாலைப் புகட்டும் கலம் என்றே புட்டியை அது வரையறுக்கிறது. பீய்ச்சிய தாய்ப்பாலைப் புகட்டும் பாத்திரம் என்ற எண்ணமே வரையறையில் இல்லை.

விடுப்பின் கணக்கு இதைவிட முக்கியம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த 26 வார விடுப்பில் எட்டு வாரத்தைப் பேறுகாலத்துக்கு முன்பே எடுத்துவிட்டால், குழந்தை பிறந்தபின் மிஞ்சுவது 18 வாரம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் துண்டு விழுகிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு நடைமுறையில் வேலைக்கு வராத நாளெல்லாம் கூலியில்லாத நாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதியும் என்று அதே திருத்தம் சொன்னது, வீட்டில் இருந்து தைக்கும் பெண்ணைத் தொடவே இல்லை.

அரசு ஊழியருக்கும் திருப்பூர்த் தையல்காரப் பெண்ணுக்கும் ‘கூடாது’ என்ற ஒரே சுவரொட்டி போதாது. தையல்காரப் பெண்ணிடம் மருத்துவமனை முதலில் கேட்க வேண்டியது எந்த நாளில் வேலைக்குத் திரும்புகிறார் என்பதையே. அதற்கு இரண்டு வாரம் முன்பே பீய்ச்சிப் பழகுவது, பகலில் பாட்டியின் கையில் பாலாடை, காலையும் மாலையும் இரவும் மார்பு, அப்போதும் பற்றாவிட்டால் ஒரு வேளைக்கு மட்டும் அளவு குறையாமல் கரைத்த பவுடர் பால் என்று அடுக்கலாம். இப்படிப் பிரித்துப் பேசினால் நிறுவனங்கள் புகுந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கலக்கும் முறையை ஒரு தாய்க்கு நேரில் கற்றுத்தரும் செவிலியர் எதையும் விளம்பரம் செய்வதில்லை. டின் விற்கும் கடைக்காரர் அதைக் கற்றுத்தரப் போவதும் இல்லை.