பிறேசிலின் உதைபந்தாட்டமும் கறுப்பின வீரரும்

அமெரிக்கக் கண்டத்து நாடுகளுள் அடிமை முறையை இறுதியாக ஒழித்த நாடு பிறேசில். 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் அச்சட்டம் நிறைவேறியது. ஆறு ஆண்டுகள் கழிந்தபின், இங்கிலாந்திலே கல்வி கற்ற சாள்ஸ் மில்லர் என்னும் இளைஞர் இரண்டு உதைபந்துகளுடன் சாவோ பாவுலோ நகருக்குத் திரும்பினார். ஆட்டம் பரவியது, ஆனால் செல்வர்தம் கழகங்களின் மதிலுக்குள்ளேயே பரவியது. விடுதலை பெற்றோரின் மக்கள் தெருவிலும் வெறுநிலத்திலும் கந்தைப் பந்தை உதைத்துப் பழகினர்.

அக்கழகங்களுள் நுழைந்தவர் ஒருவர் ஆர்தர் பிரீடன்றைக். தந்தை ஜெர்மானிய வழியினர், தாய் கறுப்பினத்தவர். ஆட்டத்துக்கு முன் தம் சுருள்மயிரைப் படிய வைப்பதற்கே அவர் நெடுநேரம் செலவிடுவார் என்பர். 1919ஆம் ஆண்டு தென்னமெரிக்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் உருகுவேயை வென்ற ஒரே கோல் அவருடையது. இரண்டே ஆண்டுகளில், 1921இல், புவெனஸ் அயரிஸ் சென்ற அணியில் அவருக்கு இடமில்லை. வெள்ளையரே செல்லவேண்டுமென்பது அக்காலக் குடியரசுத் தலைவரின் விருப்பம் என்று பலர் எழுதியுள்ளனர்.

திருப்பம் றியோ டி ஜனேரோவில் நிகழ்ந்தது. போர்த்துக்கேயக் குடியேறிகளின் வஸ்கோ ட காமா கழகம் 1923இல் முதற்பிரிவுக்கு ஏறிய ஆண்டிலேயே வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதன் ஆட்டக்காரருள் கறுப்பரும், கலப்பினத்தவரும், ஏழை வெள்ளையரும் இருந்தனர். வாடகைக் கார் ஓட்டுபவரும் சுவருக்கு வர்ணம் பூசுபவரும் இருந்தனர். பெருங்கழகங்கள் இதனைப் பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டு அவை பிரிந்து புதுச் சங்கம் ஒன்றை அமைத்தன. அதிற் சேரவேண்டுமாயின் பன்னிரண்டு ஆட்டக்காரரை வஸ்கோ நீக்கவேண்டும் என்றன. கூறிய காரணம் நிறமன்று, தொழில். உடலுழைப்பாற் பிழைப்பவன் தூய ஆட்டக்காரன் ஆகான் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த கொள்கை. நிறத்தைச் சொல்லாமலே நிறத்தை விலக்க அது மிக வசதியாக இருந்தது.

1924ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் வஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிறெஸ்தெஸ் மறுமொழி எழுதினார். கறுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. அப்பன்னிருவரும் இளைஞர், வாழ்வின் தொடக்கத்தில் நிற்பவர், அவர்களைப் பலியிட்டுச் சங்கத்திற் சேர வஸ்கோ விரும்பவில்லை, விலகிக்கொள்கிறது. அவ்வளவே செய்தி. மறு ஆண்டில் அதே ஆட்டக்காரருடன் வஸ்கோவைச் சங்கம் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. தக்க மைதானம் இல்லையென்ற குறையையும் கழகம் விட்டுவைக்கவில்லை. ஆதரவாளரிடம் பணந்திரட்டிக் கட்டிய சாவோ ஜனுவாரியோ அரங்கு 1927இல் திறக்கப்பட்டது.

1933இல் ஊதியம் பெற்று ஆடுவது முறையானதும் பழைய தடைக்குப் பொருளில்லாது போயிற்று. 1938ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஏழு கோல்கள் அடித்து முதலிடம் பெற்ற லெயோனிதாஸ் கறுப்பினத்தவர்.

ஆயினும் வென்றால் நாட்டின் மகன், தோற்றால் கறுப்பன் என்னும் வழக்கம் ஒழியவில்லை. 1950ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் மாறக்கானா அரங்கில் ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே பிறேசிலுக்குக் கிண்ணம் கிட்டியிருக்கும். உருகுவேயின் கிக்கியா பந்தை நடுவே அனுப்புவார் என்றெண்ணிப் பந்துக்காப்பாளர் பார்போசா ஓரடி நகர்ந்தார். பந்து கம்பத்துக்கும் அவருக்கும் இடையே புகுந்தது. இரண்டுக்கு ஒன்று. பழி பார்போசா, பிகோட், ஜுவெனால் என்னும் மூவர்மீதும் விழுந்தது, மூவரும் கறுப்பினத்தவர். வென்ற அணியின் தலைவர் வரெலாவின் உடலிலும் ஆபிரிக்க இரத்தம் ஓடியதை அன்று நினைத்தவர் சிலரே.

1958இல் சுவீடனில் டிடி, ஜல்மா சந்தோஸ், பதினேழு வயதுப் பெலே ஆகியோர் கிண்ணத்தை வென்று வந்தனர். பார்போசாவுக்கு அது விடுதலையாகவில்லை. வஸ்கோவின் வீரரான அவர், பிறேசிலின் சட்டத்தில் மிகக் கடிய தண்டனை முப்பது ஆண்டுகளே, தாமோ அதைவிட நீண்டகாலம் அனுபவித்துவிட்டதாக முதுமையிற் கூறிவந்தார். 1993இல் தேசிய அணியின் பயிற்சியிடத்துக்குச் சென்ற அவரை உள்ளே விடவில்லை. அவர் 2000ஆம் ஆண்டில் காலமானார்.